ஐந்து கிலோமீட்டர் என்பது ஒரே தூரம்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் சிவகாசிக்காரன். 1985-இல் இங்கே ஓர் அச்சகத்தில் அச்சுக்கோர்க்கும் வேலையில் சேர்ந்தேன். அப்புறம் மெய்ப்புத் திருத்துபவன் ஆனேன். தீப்பெட்டி லேபிள், பட்டாசுப் பெட்டி, ஊறுகாய் பாட்டில் லேபிள், மசாலா அட்டைப்பெட்டி என்று இந்த ஊரில் அச்சாகும் எல்லாவற்றிலும் எழுத்துப்பிழை தேடியே என் காலம் போயிருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகும் வாரத்தில் இரண்டு நாள் போய்ப் பார்த்துக் கொடுக்கிறேன். உங்கள் பத்திரிகையை நாற்பது வருடமாக விடாமல் படித்தும் இதுவரை கடிதம் எழுதியதில்லை. இப்போது எழுத வைத்தது என் பேத்தியின் விடைத்தாள்.

அவள் எட்டாம் வகுப்பு, ஆங்கில வழியில் படிக்கிறாள். ஆங்கிலத் தேர்வில் தன் பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், அம்மா ஏன் பஸ்ஸில் அனுப்புகிறாள் என்று ஒரு பத்தி எழுதியிருந்தாள். அதில் ஒரு வாக்கியம் 'ஃபைவ் கிலோமீட்டர்ஸ் இஸ் எ லாங் வே டு வாக்'. அந்த 'இஸ்' மேல் சிவப்பு மையில் அழுத்தமாக ஒரு கோடு. பக்கத்தில் 'ஆர்'. நாலு வரி தள்ளி, பையில் கொண்டுபோகும் தண்ணீரைப் பற்றி 'எ டூ லிட்டர் பாட்டில்' என்று எழுதியிருந்தாள். அங்கே 'லிட்டர்' முடிகிற இடத்தில் ஒரு சின்னக் கொக்கி போட்டு, மேலே 'எஸ்' சேர்த்திருந்தார்கள். இரண்டுக்கும் அரை அரை மதிப்பெண் குறைந்திருந்தது.

நான் பார்த்துவிட்டு, "நீ எழுதினது ரெண்டுமே சரிம்மா" என்றேன். அவள் நம்பவில்லை. "தாத்தா, ஒண்ணுக்கு மேல இருந்தா எஸ் போடணும், எஸ் போட்டா ஆர் போடணும்னு மிஸ் சொல்லியிருக்காங்க" என்றாள். "அப்ப நீ ஏன் இஸ் போட்ட?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அஞ்சு கிலோமீட்டர்னாலும் அது ஒரு தூரம்தானே தாத்தா" என்றாள்.

இந்த ஒரு பதிலுக்காகத்தான் இந்தக் கடிதம். ஆங்கில இலக்கணம் அந்த இடத்தில் என்ன நினைக்கிறதோ அதையே அந்தப் பிள்ளை சொல்லிவிட்டது. யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. அவளுக்குத் தமிழ் தெரியும், அதனால் வந்த பதில் அது. அதைத் தப்பு என்று அடித்துவிட்டார்கள் என்பதுதான் என் மனசைப் போட்டு அறுக்கிறது.

ஆங்கிலத்தில் அளவு என்பது ஒரே மொத்தம். தூரம், எடை, கொள்ளளவு, காலம், பணம் எதுவானாலும் ஒரு தொகையாகச் சொல்லும்போது பெயர்ச்சொல்லில் 'எஸ்' இருக்கும், வினை ஒருமையில்தான் வரும். 'டென் கிலோஸ் இஸ் டூ ஹெவி', 'ஃபிஃப்டி ருபீஸ் இஸ் டூ மச்', 'த்ரீ அவர்ஸ் இஸ் எ லாங் டைம்' என்பவையெல்லாம் சரியான ஆங்கிலம். ஆங்கிலேயர்கள் எழுதுவதும் பேசுவதும் இப்படித்தான். அதையே தனித்தனியாக எண்ணினால் வினை மாறும். பத்து லிட்டர் பால் கேனோடு கவிழ்ந்தால் 'டென் லிட்டர்ஸ் ஆஃப் மில்க் வாஸ் ஸ்பில்ட்'. பத்து ஒரு லிட்டர் பாக்கெட் மேஜையில் இருந்தால் 'டென் பாக்கெட்ஸ் ஆர் ஆன் த டேபிள்'. பால் ஒன்று, பாக்கெட் பத்து, வித்தியாசம் அவ்வளவுதான்.

இது நமக்குப் புதிதா? "பத்து லிட்டர் பால் கொட்டிப் போயிற்று" என்கிறோம், "போயின" என்று யாராவது சொல்கிறோமா? அதே நேரத்தில் "பத்து பாக்கெட்டுகள் கிழிந்து போயின" என்று எழுதினால் உறுத்துவதில்லை. பால்பகா அஃறிணைப் பெயர் என்று நன்னூல் சொல்லும் வகை இது. மாடு வந்தது, மாடு வந்தன என்று இரண்டுக்கும் ஒரே பெயர் நிற்கும். ஒன்றா பலவா என்பதை வினை காட்டிக் கொடுக்கும். ஆங்கிலத்தின் 'ஃபைவ் கிலோமீட்டர்ஸ் இஸ்' என்பதிலும் வினைதான் அந்த வேலையைச் செய்கிறது. இதை ஒரு தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழைக் காட்டிச் சொல்லிக் கொடுத்தால் ஐந்து நிமிடம் போதும். நாம் சொல்லிக் கொடுப்பதோ 'ஒன்றுக்கு மேல் என்றால் எஸ், எஸ் என்றால் ஆர்' என்ற ஒற்றைச் சூத்திரம். பிள்ளைக்குத் தானாக வருகிற சரியான உணர்வை அது அழித்துவிடுகிறது.

அந்த இரண்டு லிட்டர் பாட்டிலுக்கு வருகிறேன். அளவு ஒரு பெயருக்கு முன்னால் அடைமொழியாக நின்றால் ஆங்கிலத்தில் 'எஸ்' கிடையாது. இதற்குப் புத்தகம் புரட்ட வேண்டாம், சட்டைப் பையில் கைவிட்டால் போதும். பத்து ரூபாய் நோட்டை ஆங்கிலத்தில் 'டென் ருபீ நோட்' என்போம், 'டென் ருபீஸ் நோட்' என்று சொல்வதில்லை. நூறு மீட்டர் ஓட்டம் 'ஹண்ட்ரட் மீட்டர் ரேஸ்'. அறுபது வாட் பல்பு 'சிக்ஸ்டி வாட் பல்ப்'. ஆறடிச் சுவர் 'சிக்ஸ் ஃபுட் வால்'. அடிக்கு 'ஃபீட்' என்ற பன்மை இருந்தும், சுவருக்கு முன்னால் 'ஃபுட்'தான் நிற்கும்.

இந்த 'ஃபுட்' பற்றி ஒரு சங்கதி சொல்ல வேண்டும். ஏதோ கவனக்குறைவால் ஒருமை வந்து உட்கார்ந்துவிட்டது என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். உண்மையில் அது ஒருமையே இல்லை. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் நம் மொழியைப் போல வேற்றுமை உருபுகள் உண்டு. எழுவாயாக வரும் பன்மைக்கு ஒரு வடிவம், 'உடைய' என்று பொருள்தரும் பன்மைக்கு வேறு வடிவம். 'ஃபுட்' என்ற சொல்லுக்கு அந்த உடைமைப் பன்மை 'ஃபோட்டா' என்பதாக இருந்தது. 'ஆறு அடிகளுடைய' என்ற பொருளில் அதுதான் வரும். காலப்போக்கில் கடைசி உயிர் தேய்ந்து உதிர்ந்தது. மிச்சம் நின்றது 'ஃபுட்'. பார்வைக்கு ஒருமை, பிறப்பில் பன்மை. 'ஃபீட்' என்பது எழுவாய்ப் பன்மையின் வழியில் வந்தது. இரண்டு வாரத்துக்கு ஆங்கிலேயர் சொல்லும் 'ஃபோர்ட்நைட்' என்ற சொல்லும் பதினாலு இரவு என்பதன் சுருக்கம்தான், 'நைட்' முடிவில் 'எஸ்' இல்லை. பிரிட்டனில் இன்றைக்கும் உடம்பின் எடையை 'ஸ்டோன்' கணக்கில் சொல்வார்கள். ஒரு ஸ்டோன் 14 பவுண்டு, கிட்டத்தட்ட ஆறேகால் கிலோவுக்குச் சற்று மேல். 'ஹி இஸ் லெவன் ஸ்டோன்' என்பார்களே தவிர 'ஸ்டோன்ஸ்' என்றால் அவர்களுக்குக் கற்கள்தான் ஞாபகம் வரும். உயரத்தைப் பேச்சில் 'ஃபைவ் ஃபுட் சிக்ஸ்' என்பது அங்கே சர்வ சாதாரணம். 'டசன்', 'ஹண்ட்ரட்', 'தௌசண்ட்' எல்லாம் எண்ணோடு சேரும்போது 'எஸ்' ஏற்காது. 'டூ டசன் எக்ஸ்' என்றுதான் சொல்ல வேண்டும். நம் விவசாயிகள் சொல்லும் அஞ்சு எச்பி மோட்டாரும் அப்படியே. 'ஹார்ஸ்பவர்ஸ்' என்று யாரும் சொல்வதில்லை.

நம் வீட்டு அளவைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பூக்காரம்மாவிடம் மூணு முழம் மல்லிகை கேட்கிறோம், முழங்கள் கேட்பதில்லை. என் ஆச்சி காலத்தில் நாலு படி அரிசி, இரண்டு மரக்கால் நெல். 'நாலு படிகள்' என்றால் திண்ணையிலிருந்து இறங்குகிற படிகள் என்று ஆகிவிடும். 'ஆறு அடி' என்றால் உயரம், 'அடிகள்' என்றால் துறவி, இல்லாவிட்டால் செய்யுள் வரி. வாமனன் மாவலியிடம் கேட்டது மூவடி மண். அளவைக்குக் 'கள்' போட்டால் பொருளே மாறிப்போகிற மொழி நம்முடையது. அளவு வேறு, எண்ணிக்கை வேறு என்பது நமக்கு ரத்தத்தில் ஊறியது.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். கிலோகிராம் என்பதற்குச் சின்ன 'கே', சின்ன 'ஜி' என்று இரண்டு எழுத்து. கிராமுக்குச் சின்ன 'ஜி' ஒன்று மட்டும். கிலோமீட்டருக்குச் சின்ன 'கே', சின்ன 'எம்'. இவற்றுக்குப் பின்னால் ஒன்றானாலும் ஆயிரமானாலும் 'எஸ்' வராது, புள்ளியும் வராது. வாக்கியம் அங்கே முடிந்தால் மட்டும் முற்றுப்புள்ளி. எண்ணுக்கும் குறியீட்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி விட வேண்டும். இது என் சொந்த விதி இல்லை. 1875 மே 20 அன்று பாரிஸில் 17 நாடுகள் கையெழுத்திட்ட மீட்டர் உடன்படிக்கையிலிருந்து வளர்ந்து, 1960-இல் பன்னாட்டு அலகு முறை என்று பெயர் பெற்ற ஏற்பாட்டின் விதி. நம் நாடு 1956-இல் சட்டம் போட்டு, 1958 அக்டோபரிலிருந்து படிப்படியாகப் படியையும் சேரையும் விட்டுவிட்டு அதற்கு மாறியது. இன்றைக்கு 2009-ஆம் வருடத்துச் சட்டமுறை எடையளவுச் சட்டமும், பொட்டலப் பொருள்களுக்கான 2011 விதிகளும் இருக்கின்றன. லேபிள் அச்சடிக்கிறவன் இவற்றைத் தெரிந்துகொள்ளாமல் தொழில் செய்ய முடியாது.

'எஸ்' ஏன் கூடாது என்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது. அந்த முறையில் சின்ன 'எஸ்' என்பதே ஓர் அலகு. அது நொடியின் குறியீடு. ஆகவே 'கே எம்' முடிவில் ஓர் 'எஸ்' ஒட்டினால் அது பன்மை ஆகாது, ஒரு நொடி வந்து ஒட்டிக்கொள்கிறது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து விஷயமும் இப்படித்தான். பெரிய 'கே' என்பது வெப்பநிலைக்கான கெல்வின். 'ஐந்நூறு கிராம்' என்று சொல்ல நினைத்துப் பெரிய 'ஜி', சின்ன 'எம்' போட்டுவிடுகிறார்கள். பெரிய 'ஜி' என்றால் கிகா, அதாவது நூறு கோடி. சின்ன 'எம்' மீட்டர். சேர்த்துப் படித்தால் ஐந்நூறு கிகாமீட்டர், 50 கோடி கிலோமீட்டர். சூரியன் நம்மிடமிருந்து 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. மிளகாய்ப்பொடிப் பெட்டியில் அதைப்போல மூன்று மடங்குக்கும் மேலே ஒரு தூரத்தை எழுதி விற்கிறோம். லிட்டருக்குச் சின்ன 'எல்' போட்டால் அது ஒன்று என்ற எண் மாதிரியே தெரிகிறதே என்றுதான் 1979-இல் பெரிய 'எல்' எழுதவும் அனுமதி கொடுத்தார்கள். மெய்ப்புப் பார்க்கிற எவனுக்கும் அந்த முடிவின் அருமை புரியும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். தொண்ணூறுகளில் ஒரு மசாலா வியாபாரிக்கு அட்டைப்பெட்டி ஆர்டர் வந்தது, 40,000 பெட்டி. வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்த மேட்டரில் ஐந்நூறுக்குப் பிறகு 'ஜி எம் எஸ்', ஒரு புள்ளி. எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்று நானும் ப்ரூஃபில் கையெழுத்துப் போட்டேன். பிளேட் போட்டு, நாலு கலரும் ஓடி, டை வெட்டி, ஒட்டி, கட்டுக்கட்டாக அடுக்கிய பிறகு வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர் பெட்டியைப் பார்த்துவிட்டு, இந்தக் குறியீட்டோடு சரக்கு போகாது என்று திருப்பிவிட்டார். எடை எழுதிய இடத்தில் சின்ன ஸ்டிக்கர் ஒட்டுவது என்று முடிவாயிற்று. பைண்டிங் பகுதியில் வேலை செய்யும் பெண்கள் எட்டுப் பேர் நாலு நாள் உட்கார்ந்து, ஒவ்வொரு பெட்டியாக எடுத்து ஒட்டினார்கள். முதல் நாள் முழுக்க நானும் அவர்களோடு உட்கார்ந்து ஒட்டினேன். அதில் ஓர் அம்மா, "ஏண்ணே, ஒரே ஒரு எழுத்துக்காகவா இத்தனையும்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அன்றிலிருந்து எந்த ப்ரூஃப் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது எடை போட்டிருக்கும் மூலையைத்தான். லூப் என்கிற சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடியை அந்த இடத்தில் வைத்துக் குனிவேன். 'எஸ்' இருந்தால் அதன் குறுக்கே ஒரு கோடு, ஓரத்தில் நீக்கு என்பதற்கான சுழி. புள்ளி இருந்தால் இன்னொரு சுழி. பெரிய எழுத்தைச் சின்னதாக்க அதன்மேல் சாய்வாக ஒரு கோடு. பொருளின் பெயரையும் முகவரியையும் அதற்கப்புறம்தான் படிப்பேன். எங்கள் அச்சகத்துக்குப் புதிதாக வருகிற டிசைன் பையன்களுக்கும் முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவேன். "சார், பள்ளிக்கூடத்தில் கே ஜி எஸ் என்றுதானே எழுதினோம்" என்று அத்தனை பேரும் கேட்டிருக்கிறார்கள், ஒருவர் பாக்கியில்லாமல்.

பெயரை முழுசாக எழுதும்போதுதான் 'எஸ்'. ஃபைவ் கிலோகிராம்ஸ், டென் வாட்ஸ், த்ரீ நியூட்டன்ஸ். அதிலும் சிலவற்றுக்கு மாற்றமில்லை. நம் வீட்டு மின்சாரம் 'ஃபிஃப்டி ஹெர்ட்ஸ்'. வெளிச்சத்தை அளக்கும் 'லக்ஸ்', மின்கடத்தலுக்கான 'சீமென்ஸ்' இரண்டும் ஒருமையிலும் பன்மையிலும் ஒன்றே. சீமென்ஸ் முடிவில் இருக்கிற 'எஸ்', எவர் பெயரை அந்த அலகுக்கு வைத்தார்களோ அந்த மனிதரின் பெயரிலேயே இருப்பது. அதை ஒருமைக்காக வெட்டுகிற பிள்ளைகளும் உண்டு. வேகத்தைச் சொல்லும்போது முன்னால் வரும் கிலோமீட்டருக்குத்தான் 'எஸ்', பின்னால் வரும் 'அவர்' ஒருமை. காய்ச்சல் என்றால் 'டிகிரீஸ்' பன்மை ஏற்கும், செல்சியஸ் ஏற்காது.

அரை, கால் கணக்கில் கொஞ்சம் இழுபறி இருக்கிறது. 'ஹாஃப் எ கிலோ' ஒருமை, ஒன்றரைக்கு 'ஒன் அண்ட் எ ஹாஃப் கிலோஸ்' என்று பன்மை, இவற்றில் சந்தேகமில்லை. தசமத்தில் 0.5 என்று எழுதிவிட்டு அடுத்து 'மீட்டர்' என்பாரும் உண்டு, 'மீட்டர்ஸ்' என்பாரும் உண்டு. இரண்டு வழக்கும் ஆங்கிலத்தில் நடமாடுகிறவையே. இப்படிப்பட்ட இடத்தில் பிள்ளைகளுக்கு மதிப்பெண் குறைக்காமல் விட்டுவிடலாம்.

ரூபாய் நோட்டைப் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. பேத்தியிடம் ஒரு பத்து ரூபாய்த் தாளைக் கொடுத்து, பின்பக்கத்து மொழிப் பட்டியலை லூப் வழியாகப் படிக்கச் சொன்னேன். பதினைந்து மொழி இருக்கிறது அதில். தமிழில் 'பத்து ரூபாய்'. ஐந்நூறு ரூபாய்த் தாளிலும் 'ஐந்நூறு ரூபாய்'. மலையாளத்தில் 'ரூபா', அங்கும் பன்மை விகுதி இல்லை. கன்னடத்தில் 'ருபாயிகளு'. தெலுங்கில் 'ரூபாயலு'. ஆங்கிலத்தில் 'ருபீஸ்'. எங்கள் அச்சகத்தில் ஆந்திரா, கர்நாடகா லேபிள்களும் அடிப்போம் என்பதால் அந்த எழுத்துகளைக் கூட்டிப் படிக்குமளவு எனக்குத் தெரியும். அவளுக்கு ஒவ்வொன்றாகக் காட்டினேன். ஒரே தாளில், ஒரே மதிப்பை, பக்கத்துப் பக்கத்து வீட்டு மொழிகள் இரண்டு விதமாகச் சொல்கின்றன. எதுவும் தப்பில்லை. ஒவ்வொரு மொழிக்கும் ஒரு பழக்கம்.

முன்பெல்லாம் ஆங்கிலத்தில் ரூபாயைச் சுருக்கி எழுதும்போது ஒரு ரூபாய்க்கு 'ஆர் ஈ', இரண்டு முதல் மேலே 'ஆர் எஸ்' என்று வித்தியாசம் பார்க்க வேண்டும். தீப்பெட்டி லேபிளில் விலை ஒரு ரூபாய் ஆனபோது அந்த 'எஸ்' எத்தனை தடவை தவறாக வந்து நின்றது என்பது எனக்குத்தான் தெரியும். 2010 ஜூலை 15 அன்று நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார் வரைந்த ரூபாய்க் குறியீட்டை மத்திய அரசு ஏற்றுக்கொண்டது. அத்தோடு அந்தத் தொல்லை தீர்ந்தது. ஒன்றானாலும் ஒரு கோடியானாலும் அதே குறி. குறியீட்டுக்குப் பன்மை தேவையில்லை என்பதை மாணவருக்கு விளக்க இதைவிடக் கைக்கெட்டிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ரூபாய்க் குறிக்குப் பின்னால் யாரும் 'எஸ்' போடுவதில்லையே, அதே போலத்தான் 'கே ஜி'யும்.

போன வாரம் பள்ளிக்குப் போய் அந்த ஆசிரியையைப் பார்த்தேன். சண்டை போடப் போகவில்லை. சின்ன வயசு, முகத்தில் அசதி. ஒரு வகுப்பில் 46 பிள்ளைகள், மூன்று வகுப்பு விடைத்தாள் அவர் மேஜையில் இருந்தது. "சார், கைடில் ஆர் என்றுதான் விடை போட்டிருக்கிறார்கள். கிலோமீட்டர்ஸ் என்று எஸ் இருக்கிறதே, அப்புறம் எப்படி இஸ் வரும்?" என்று கேட்டார். நான் என் பர்ஸிலிருந்து ஒரு ஐம்பது ரூபாய்த் தாளை எடுத்து மேஜையில் வைத்தேன். "டீச்சர், இது ஃபிஃப்டி ருபீஸ். இந்த ஃபிஃப்டி ருபீஸ் 'இஸ்' என்னுடையதா, 'ஆர்' என்னுடையதா?" என்றேன். அவர் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார், இன்னொரு முறையும் சொல்லிப் பார்த்தார். "இஸ் தான் சார் வருது" என்றார். அப்புறம் பாட்டில் விஷயத்துக்கு 'டென் ருபீ நோட்' சொன்னேன். அதற்கு அவரே, "ஆமா சார், டூ வீலர் என்றுதானே சொல்கிறோம், சக்கரம் இரண்டு இருந்தாலும் வீல் என்பதில் எஸ் இல்லையே" என்று சொன்னார். எனக்குத் தோன்றாத உதாரணம் அது. அளவுப்பெயர் இல்லையென்றாலும் விதி அதேதான். மற்ற பிள்ளைகளின் தாளையும் திரும்பப் பார்க்கிறேன் என்றார். நல்ல ஆசிரியை அவர். அவரிடம் தப்பில்லை, அவர் கையில் கொடுத்திருக்கிற கைடில்தான் தப்பு. அதைத் தயாரிக்கிறவர்கள் விடைப் பகுதியை ஒருமுறை ஆங்கிலம் தெரிந்தவர்களிடம் கொடுத்துப் படித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளை சரியாக எழுதிவிட்டுத் தன்மேல் சந்தேகப்படுகிறது என்றால், அடுத்த தடவை அது தப்பாகத்தான் எழுதும்.

கடைசியாக, ஐயா, உங்கள் பத்திரிகையிடமே ஒரு வேண்டுகோள். இந்த 'எஸ்' இப்போது தமிழுக்குள்ளும் வந்துகொண்டிருக்கிறது. முன்பு செய்திகளில் 'பத்து கிலோமீட்டர் தூரம்', 'ஐந்து லிட்டர் டீசல்', 'மூன்று டன் மணல்' என்றுதான் வரும். கொஞ்ச காலமாக 'பத்து கிலோமீட்டர்கள்', 'ஐந்து லிட்டர்கள்', 'இருபது டன்கள்' என்று வருகிறது. ஆங்கிலச் செய்தியைப் பார்த்து அவசரமாக எழுதும்போது அங்கேயுள்ள 'எஸ்' இங்கே 'கள்' ஆகிவிடுகிறது என்று நினைக்கிறேன். சென்ற செவ்வாய்க்கிழமை இதழில் சாலை அகலப்படுத்தும் செய்தியில் ஒரே பத்தியில் மூன்று 'கிலோமீட்டர்கள்'. 'இரண்டு லட்சங்கள் ரூபாய்கள்' என்றுகூட ஒரு விளம்பரத்தில் பார்த்தேன். பிள்ளைகள் நாளிதழைப் பார்த்துத்தான் தமிழ் எழுதப் பழகுகிறார்கள். ஆங்கிலத்தில் 'இஸ்' சரி என்று என் பேத்திக்குச் சொல்லிக் கொடுத்தது அவளுடைய தமிழ். அந்தத் தமிழில் 'கிலோமீட்டர்கள்' வந்து உட்கார்ந்துவிட்டால், ஐந்து கிலோமீட்டர் ஒரு தூரம்தானே என்று சொல்ல அவளுக்கு அடுத்துவரும் பிள்ளைக்கு எங்கிருந்து தோன்றும்?

உங்கள் செய்திப்பிரிவில் மெய்ப்புப் பார்ப்பவர்கள் யாராக இருந்தாலும் அவர்கள் என் தொழில்காரர்கள். இந்த ஒரு 'கள்' கண்ணில் பட்டால் குறுக்கே ஒரு கோடும் ஓரத்தில் ஒரு சுழியும் போடச் சொல்லுங்கள். அந்த மூன்று 'கிலோமீட்டர்கள்' வந்த பக்கத்தை வெட்டி, திருத்தம் போட்டு, இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
சிவகாசி.